ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை

புது வருடத்துக் காலண்டர் வந்துவிட்டது. மளிகைக்கடை அண்ணாச்சி வருடந்தோறும் கொடுக்கும் தினசரி காலண்டர்தான். சுருளைப் பிரித்ததும் தாள்கட்டிலிருந்து மட்டமான மை வாசனை அடித்தது. ஆணி எங்கே என்று தேடுவதற்கு முன்பே கை தானாக முதல் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடிப் போய்விட்டது. ராகு 4.30 - 6.00. அது எந்த வருடமும் மாறியதில்லை, இனி மாறப்போவதுமில்லை. இருந்தும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உமக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

இல்லாத ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்கக்கூடியவன் நான்தான். நம் கூட்டத்தில் வேறு யாராவது இப்படி ஒன்றை எழுதி வாசித்திருந்தால், செத்தவருக்குத் தபால் போட எந்தப் பெட்டி என்று கேட்டு ஆளை ஒரு வழி பண்ணியிருப்பேன். நீரோ, “எழுதட்டும் வே, எழுதுனா என்ன குறைஞ்சா போயிரும்?” என்றிருப்பீர். நான் அதிகம் பேசினேன், நீர் கொஞ்சமாகப் பேசினீர். இப்போது யோசித்தால் அந்தக் கொஞ்சத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

உம்மை முதன்முதலாகப் பார்த்தது மாஞ்சோலை பஸ்ஸில். நான் அம்பாசமுத்திரம் கோர்ட்டில் எழுத்தர், நீர் அந்த மலைப் பாதையில் கண்டக்டர். கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்கு நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது ஒரு அம்மா, மலையேறும் முன் எல்லோருக்கும் நல்லபடியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சீட்டாகத் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டேன். அத்தோடு விட்டேனா? பஸ்ஸைக் காப்பாற்றுவது பிரேக்தான், சாம்பல் அல்ல என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது. நீர் வந்து இரண்டு விரலால் திருநீற்றை எடுத்து, பூசாமல், ஒரு பழைய டிக்கெட்டில் மடித்து உம் தோல்பையில் வைத்துக்கொண்டீர்.

மாஞ்சோலையில் இறங்கும்போது உம்மைப் பிடித்துக்கொண்டேன். நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றீர். பிறகு எதற்கு வாங்கினீர் என்றேன்.

“அந்தம்மா கைய நீட்டிட்டு நின்னாள்லா வே.”

இதுதான் உமக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதன்பிறகு இருபது வருடம் நாம் சேர்ந்து டீ குடித்தோம். நான் கடவுள் இல்லை என்பவன், நீர் தெரியாது என்பவர். என் கட்சியில் உம்மைச் சேர்த்துவிட நான் எத்தனையோ வாதம் செய்து பார்த்தேன். நீர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீரு சொல்லுதது சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியலியே” என்பீர். கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலுக்கு எதிர்வாதம் யாரிடமும் கிடையாது.

கூடிப் பேச ஒரு வட்டம் ஆரம்பித்தது உம்முடைய யோசனை. அதை நான் என்னுடைய யோசனை என்றே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன், நீர் ஒருநாளும் திருத்தவில்லை. இருவரும் ஓய்வுபெற்ற வருடம். ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “கோயிலுக்குப் போறவனுக்குப் பிரதோஷம், சர்ச்சுக்குப் போறவனுக்கு ஞாயித்துக்கெழம, பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கெழம. ஒண்ணும் இல்லாதவன் எங்கன வே போவான்?” என்று கேட்டீர். எனக்கு அது ஒரு இயக்கத்தின் முதல் வரியாகக் கேட்டது. நீர் அதை அப்படிக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. போக ஒரு இடம் இல்லாதவனுக்கு ஒரு இடம், உமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெயரிலேயே தகராறு. ‘நாத்திகர் வட்டம்’ என்று நான் எழுதிக்கொண்டு வந்ததை நீர் பேனாவால் அடித்தீர். “தெரியாதுன்னு சொல்லுதவனுக்கும் ஒரு நாற்காலி போடும்” என்றீர். கடைசியில் யாருக்கும் வம்பில்லாமல் ‘ஞாயிறு வட்டம்’ என்று வைத்தோம். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மூடிப்போன தட்டச்சுப் பயிலகத்தின் மாடி அறை. செங்குத்தான படிகள், நடுவில் ஒரு திருப்பம், மேலே தகரக் கூரை. முதல் கூட்டத்துக்கு ஏழு பேர். பத்தமடையிலிருந்து கணக்கு டீச்சர் ஒருவர் பஸ் ஏறி வந்திருந்தார். தன்னைப்போல் இந்த ஜில்லாவில் வேறு யாருமே இல்லை என்று நினைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு அழுதுவிட்டார். நீர் கீழே போய் அவருக்கு டீ வாங்கிவந்தீர். நான் நோட்டுப் புத்தகத்தில் தீர்மானங்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீர்மானங்களில் இரண்டாவது, கூட்டம் ராகுகாலத்தில் மட்டுமே நடைபெறும் என்பது. என் மூளையில் உதித்தது. ஊர் எந்த நேரத்துக்குப் பயப்படுகிறதோ அந்த நேரத்தில் நாம் கூடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை. எல்லோரும் கை தட்டினார்கள். நீரும் தட்டினீர். தட்டிவிட்டு, “அப்ப இந்த ஊருல ராகுகாலத்த ஒழுங்காப் பாக்குத ஆளு நாமதான்” என்று சிரித்தீர். நானும் சிரித்தேன். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அப்படித்தான் ஆனது. ஒருநாள் நாலு இருபதுக்கே எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆரம்பிக்கலாமா என்று டீச்சர் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நிமிடம் நல்ல நேரம் இருக்கிறது, முடியட்டும் என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பதினைந்து பேர் தகரக் கூரையின் கீழே வேர்த்து விறுவிறுத்து, நல்ல நேரம் தொலையட்டும் என்று காத்திருந்தோம். கீழே டீக்கடை அண்ணாச்சி நமக்கு ‘ராகுகாலக் கோஷ்டி’ என்று பெயர் வைத்தது சும்மாவா? நம் உறுப்பினர் ஒருவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியது ஞாபகம் இருக்கிறதா? புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை. எல்லோரும் கொலைப்பசியில் நின்றோம். நான் அடுப்பைப் பற்றவைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவருடைய மாமியார் அன்று விடியற்காலையிலேயே வந்து ரகசியமாகப் பால் காய்ச்சிவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் கொதித்தேன். நீர், “ரெண்டு வாட்டி காய்ச்சுன வீடு. நல்லா இருக்கும் வே” என்று என்னைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனீர்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். வட்டத்தில் இருபத்துமூன்று பேர் வரை சேர்ந்தோம். பிறகு அந்த மஞ்சள்காமாலை வந்தது.

நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், டவுணில் அச்சகம் வைத்திருந்தவர். அவருக்கு மஞ்சள்காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தெருவே ஒரே குரலில் சொன்னது: இசக்கியம்மனைக் கேலி பேசினானே, வாங்கிக்கட்டிக்கொண்டான். அவர் வீட்டில் அவருடைய அம்மா சோறு சாப்பிடாமல் கிடந்தார். ஒரு மாதத்தில் உடம்பு தேறியதும் அவர் அம்மன் கோவிலில் நேர்த்திக்கடனாக மண்பொம்மை வாங்கி வைத்துவிட்டு, வட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவரோடு இன்னும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். அவர் படுத்திருந்த ஒரு மாதமும் வாரத்துக்கு இரண்டு தடவை நீர் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தீர். நான் ஒரு தடவை போனேன். போய், கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிட்டு வந்தேன்.

அவர்கள் நின்றுபோன வாரக் கூட்டத்தில்தான் அதைச் சொன்னேன்.

“இனிமே நம்மாளுவ யாருக்கும் சளி கூடப் பிடிக்கக்கூடாது. பிடிச்சா வெளிய சொல்லக்கூடாது. சொன்னா சாமி குத்தம்பானுவ.”

எல்லோரும் சிரித்தார்கள். நீர், “மீறி வந்துட்டா?” என்று கேட்டீர். ஆறு மணிக்கு மேல் வரட்டும், கூட்டம் முடிந்திருக்கும் என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. நீரும் சிரித்தீர் என்றுதான் நினைவு. சத்தியமாகத் தெரியவில்லை. நான் சிரிப்பை வாங்கிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி எல்லோரும் மலையிலிருந்து இறங்கிவந்த வருடம் அது கழிந்து வந்தது. உம் பஸ்ஸில் பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஏறி இறங்கியவர்கள். ஒவ்வொரு குடும்பமும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீர் தேடித் தேடிப் போனீர். அப்படிக் கண்டுபிடித்து ஒருவரை வட்டத்துக்கும் கூட்டிவந்தீர், தங்கையா. தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், இப்போது ஒரு ஜவுளிக்கடையில் காவலாள். அவருக்குக் கடவுள் உண்டா இல்லையா என்பதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. இவர் எதற்கு நம் கூட்டத்துக்கு என்று உம்மைத் தனியாகக் கேட்டேன். “அவருக்கு இந்த ஊருல தெரிஞ்ச முகம் நான் ஒருத்தன்தான் வே” என்றீர். அது காரணம் ஆகாது என்று நான் சொன்னேன்.

அடுத்த இரண்டு மூன்று மாதத்தில்தான் நீர் அதைக் கேட்டீர். கூட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா? பத்து மணிக்கு?

முதல் தடவை டீச்சரைக் காரணம் காட்டினீர். ஆறு மணிக்கு முடிந்து அவர் பத்தமடைக்குப் பஸ் பிடிக்கச் சிரமம் என்றீர். நான் டீச்சரிடமே கேட்டேன். எனக்குப் பழகிவிட்டது என்றார் அவர். இரண்டாவது தடவை தகரக் கூரை. சாயங்காலம் சூடு தாங்கவில்லை என்றீர். அடுத்த வாரமே இரண்டு மின்விசிறி மாட்டிவிட்டேன். என் பதிலில் எனக்கே பெருமை. மூன்றாவது தடவை தங்கையாவைக் காட்டினீர், ஞாயிறு சாயங்காலம் கடையில் கூட்டம், அவருக்கு விடுப்பு கிடைப்பதில்லை என்று. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரமாக ஒரே விஷயம், ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். கோர்ட்டில் இருந்தவனுக்கு, காரணம் மாறிக்கொண்டே போனால் உண்மையான காரணம் வேறு என்று தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் தப்பாகத் தெரிந்தது. உமக்குள்ளும் பயம் புகுந்துவிட்டது, அச்சகக்காரர் கதை உம்மையும் ஆட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்ப இனிமே நல்ல நேரம் பாத்துக் கூடணும்ங்கீரு? சொல்லும் வே, கூடவே ஒரு தேங்காயும் உடைச்சிருவோம்.”

அறை முழுக்கச் சிரித்தது. நீர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தீர். பிறகு நீரும் சிரித்து, சரி, இருக்கட்டும், நாலரைக்கே வைப்போம் என்று கையை அசைத்தீர். அந்த ஒரு நிமிடப் பார்வையை நான் இப்போது தினமும் பார்க்கிறேன்.

அதன்பிறகு நீர் எதுவும் கேட்கவில்லை. நாலரைக்கே வந்தீர். படித் திருப்பத்தில் நின்று யாருடனோ போனில் பேசிவிட்டு மெதுவாக மேலே வருவீர். வாரம் தவறாமல் அந்தத் திருப்பத்தில் போன். ஓய்வுபெற்ற கண்டக்டருக்கு அப்படி என்ன போன் என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். “பழைய பாசஞ்சர் வே” என்றீர். ஷூ போட்டு நடந்தவர் ரப்பர் செருப்புக்கு மாறினீர். கூட்டம் முடிந்து டீ வேண்டாம் என்றீர், நாக்கு செத்துப்போச்சு என்றீர். உம்மை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். மூன்று கிளாஸ் டீ குடிக்கிற ஆள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த மாதம் நான், பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று நான்கு வாரத் தொடர் உரை நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உம் வீட்டிலிருந்து போன் வந்தது. உம் வீட்டம்மா, மதினிதான் பேசினார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சடங்கு பற்றி நீர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. உனக்கு எது ஆறுதலோ அதைச் செய் என்று மதினியிடம் சொல்லியிருந்தீராம். அவர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். நான் ஓரமாக நின்றேன். வட்டத்து ஆட்கள் சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்வேன் என்று. ஆற்றங்கரைக்குக் கூடவே நடந்தேன். தாமிரபரணியில் அன்று தண்ணீர் நிறையப் போயிற்று. உம்முடன் சண்டை போட ஒரு வாதமும் என்னிடம் மிச்சமில்லை.

பதினாறாம் நாள் கழிந்து மதினி என்னை வரச்சொன்னார். ஒரு ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து என் கையில் கொடுத்தார். இதயம் பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ளும் சக்தி பாதிக்கும் கீழே போய்விட்டது என்று அதில் இருந்தது. முதல் சீட்டின் தேதியைப் பார்த்தேன். நீர் முதல் தடவை காலைக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு ஒரு வாரம் முன்னால்.

“காலையில நல்லாத்தான் இருப்பாவ, அண்ணாச்சி. சாயங்காலம் ஆனா கால் ரெண்டும் வீங்கிரும், மூச்சு வாங்கும். உங்க மாடிப்படி ஏறுததுக்குள்ள நடுவுல நின்னு நின்னுதான் போவேன்பாவ. தண்ணி, காப்பி எல்லாம் அளந்து குடிக்கச் சொல்லியிருந்தாவ.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“நாத்திகம் பேசுதவனுக்கு நோய் வந்தா ஊரு சாமி குத்தம்னு சொல்லும், பாதிப்பேரு வரமாட்டான், அவரு பாடுபட்டு வளத்த கூட்டம்னாவ. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாவ. சத்தியத்துல நம்பிக்கை இல்லாத மனுசன், எங்கிட்ட மட்டும் வாங்குனாவ.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, காப்பி சாப்பிடுங்கள் அண்ணாச்சி என்று எழுந்து போனார். உள்ளேயிருந்து, காலையில் கூட்டம் என்றால் இன்னும் கொஞ்ச நாள் போய்வந்துகொண்டு இருப்பேன் என்று நீர் சொன்னதையும் சொன்னார்.

நம்பிக்கை இல்லாதவனுக்கு ஒரு சங்கடம் உண்டு, உமக்குத் தெரியும். பாவம் செய்துவிட்டால் கொண்டுபோய்ப் போட ஒரு சந்நிதி கிடையாது. பரிகாரம் கிடையாது. மொட்டை போட்டுக்கொள்ள முடியாது, நெய்விளக்கு ஏற்ற முடியாது. செய்ததை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை நானே மேடையில் பெருமையாகப் பேசியிருக்கிறேன், நம் தவறுக்கு நாமே பொறுப்பு என்று. பேசும்போது அது கனமாக இல்லை.

அடுத்த கூட்டத்தில் நோட்டை எடுத்து இரண்டாவது தீர்மானத்தை அடித்தேன். இனிக் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணி, மாடியில் அல்ல, டீக்கடைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த தரைத்தள அறையில். காரணத்தையும் சொன்னேன், உம் நோயையும் நான் சிரிக்கவைத்ததையும் சேர்த்து. ஒருவர் எழுந்து, வருத்தம்தான், ஆனாலும் இது கொள்கையிலிருந்து இறங்குவதில்லையா என்று கேட்டார். நான் பழக்கிவிட்ட கேள்வி, என் குரலிலேயே கேட்டார். அவரும் அவரோடு ஆறு பேரும் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. வெளியே, அவர்களில் ஒருவர் செத்ததும் பயந்துபோய் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. நீர் எதற்குப் பயந்து மறைத்தீரோ அது அப்படியே நடந்தது. ஊர் வாயை மூட உம் மூச்சு போதவில்லை, யாருடைய மூச்சும் போதாது.

இப்போது வருவது எட்டுப் பேர், சில வாரம் ஐந்து. எனக்குக் களைப்பாக இருக்கிறது. நாற்காலிகளை விரிப்பதும் மடக்குவதும் நானும் தங்கையாவும்தான். அவர் காலையில் வந்துவிடுகிறார், நீர் சொன்ன காரணம் பொய்யில்லை. போன மாதம் ஒருநாள், இதை இத்தோடு மூடிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். தலைப்பு என்ன என்று டீச்சர் கேட்டார். நான் தலைப்பு எதுவும் தயாரித்திருக்கவில்லை. மூடுகிறோம் என்று சொல்ல வாய் எடுத்தவன், எதனாலோ, எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றேன்.

ஒவ்வொருவராக, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்றார்கள். பொய். நான் கற்றுக்கொடுத்த பொய். எனவே நான்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதமாகச் சிறுநீரில் ரத்தம் போகிறது, டாக்டரிடம் இன்னும் காட்டவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை என்றேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒரு கூட்டத்தின் முன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதல்முறையாகச் சொன்னேன்.

அடுத்துத் தங்கையா, மேலேயிருந்து இறங்கியதிலிருந்து தனக்கு உறக்கமே சரியில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றார். டீச்சர் தன் மார்பில் ஒரு கட்டி இருந்து எடுத்ததைச் சொன்னார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறி வந்து, என் உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று கடவுளைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனது. பன்னிரண்டரை வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போன வியாழக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர்கள் இருவரும்தான். நான் வேண்டாம் என்றேன். “பேசாம வாங்க சார்” என்று டீச்சர் என் ஃபைலைத் தன் பையில் போட்டுக்கொண்டார். சீட்டு எழுதுகிற பெண், கூட வந்திருப்பது யார், உறவா என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம கூடுதவங்க” என்றார் தங்கையா.

“எந்த சர்ச்சு?”

“சர்ச்சு இல்லம்மா. சும்மா கூடுவோம்.”

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, சீட்டில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் அவர்கள் இருவர் பெயரையும் எழுதினாள். இரும்பு நாற்காலியில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சோதனை முடிவு வர இன்னும் பத்து நாள் ஆகும். எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதை எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஊர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும். ஐந்து பேர் வந்தாலும் வட்டத்தை மூடப்போவதில்லை.

உம் ஃபைல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மதினியிடம் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதை எடுத்து மறுபடி பார்த்தேன். நீர் போய்வந்தது பதினோரு தடவை. மதினி கூட வருகிறேன் என்றபோதெல்லாம் வேண்டாம் என்று தடுத்துவிட்டுத் தனியாகவே போயிருக்கிறீர். பதினோரு சீட்டிலும் அந்த ஒரு இடம் காலியாக இருக்கிறது. அங்கே என் பெயர் இருந்திருக்க வேண்டும்.